எல்லா வண்டியும் திரும்புற இடம்

வழி சொல்வதில் பாஞ்சாலியை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்ல மறந்தால் பாஞ்சாலியே எடுத்துக்கொடுப்பாள். உத்திரமேரூருக்குப் போகும் பெரிய சாலையில், ஏரி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், ஹைமாஸ் விளக்குக் கம்பத்துக்கு எதிரே தகர ஷெட்டில் டீக்கடை வைத்திருந்தாள். சாலவாக்கம் எப்படிப் போக வேண்டும், திருமுக்கூடலுக்கு எங்கே பிரிய வேண்டும் என்று யார் கேட்டாலும் கையில் இருக்கிற டீ வடிகட்டியை நீட்டியே காட்டிவிடுவாள். வழி கேட்டவன் சட்டையில் இரண்டு சொட்டு டீயாவது விழும். "இத்தினி வருசத்துல ஒரு வண்டியத் தப்பா அனுப்பிச்சிருப்பனா? எவனாவது சொல்லட்டும் பார்ப்போம்" என்று சவால் வேறு.

அந்தக் கடை ஓடியதே வண்டிகள் அங்கே திரும்பியதால்தான். அதைத் தாண்டினால் ஏரி வளைவு. எதிரே வருவது யமனா பஸ்ஸா என்று தெரியாது. வளைவில் வண்டியைத் திருப்பக் கூடாது என்று 'யூ' எழுத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை நட்டிருந்தார்கள். வளைவைத் தாண்டினால் பாலம், பாலத்திலும் திருப்பக் கூடாது. அப்புறம் ஊரும் கடைத்தெருவும் வந்துவிடும். இரண்டு பக்கமும் வெகுதூரம் கண்ணுக்குத் தெரிகிற, கிளைச்சாலை வந்து சேர்வதால் வாயகன்று கிடக்கிற ஒரே இடம் இந்த விளக்கடிதான். ஆகவே வழி தவறியவன், வீட்டில் பர்ஸை மறந்தவன், பெண்டாட்டியைப் பெட்ரோல் பங்க்கில் விட்டுவிட்டு வந்தவன் எல்லோரும் இங்கேதான் யூ டர்ன் அடிப்பார்கள். திரும்புகிறவன் வேகத்தைக் குறைப்பான், குறைத்தவன் மூக்கில் இஞ்சி வாசனை ஏறும், ஏறினால் இறங்கி ஒரு டீ குடிப்பான்.

அன்று காலை நாஷ்டா நேரம் முடிந்து கடை ஓய்ந்திருந்தது. தினமும் வந்து குந்துகிற முனியன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து ஓசிப் பேப்பரை எழுத்தெழுத்தாக மேய்ந்துகொண்டிருந்தான். மேலே மஞ்சள் விளக்கு சுழலும் ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் பெயர் ஜான்சன் என்று பிற்பாடுதான் தெரியும். பேச்சைக் கேட்டதுமே தெற்கத்திச் சீமைக்காரன் என்று தெரிந்துவிட்டது.

"அக்கா, மதுராந்தகத்துக்குப் பிரியுத விலக்கு எங்கன இருக்கு?"

பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னா நைனா, தலைக்கு மேல வெளக்க வச்சிக்கினு வெளக்கு எங்கன்றியே!" என்று வடிகட்டியை மேலே தூக்கிக் காட்டினாள்.

ஜான்சன் அண்ணாந்து பார்த்தான். பிறகு எதிரே பிரிகிற கிளைச்சாலையைப் பார்த்தான். "அப்ப இங்கனயேதான் திரும்பணுமா?"

"எல்லா வண்டியும் இங்கதான் திரும்புது."

"பெரிய வண்டிக்கா."

"கரும்பு லாரியே திரும்புது! உன் வண்டி இன்னா, கரும்பு லாரியவிடப் பெருசா?"

ஜான்சன் சிரித்த சிரிப்பு ஒரு மாதிரியாக இருந்தது. போனை எடுத்து, "அண்ணாச்சி, விலக்கு வந்துட்டு. டீக்கடைக்கு எதுத்தாப்ல, இடது பக்கம்" என்றான். ஒரு டீயைக் குடித்துவிட்டு ஜீப்பைக் கிளைச்சாலைக்குள் விட்டான். இன்னொரு வண்டிக்குச் சரியாக வழி சொன்ன திருப்தியில் பாஞ்சாலி பால் குண்டானைக் கழுவ உட்கார்ந்தாள்.

"அக்கோவ்" என்றான் முனியன். குரலே சரியில்லை. "அக்கா, எந்திரி. எந்திரிச்சிப் பாரு."

முதலில் ஒரு லாரி வந்தது. சாதாரண லாரிதான். அதன் முதுகில் வெள்ளையாக ஏதோ படுத்திருந்தது. லாரி கடையைத் தாண்டியது. வெள்ளை தாண்டவில்லை. வந்துகொண்டே இருந்தது. யானை புகுந்து போகிற அளவுக்கு உருண்டையாக ஆரம்பித்தது, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகி, மெலிந்து, லேசாக வளைந்து, பின்னும் முடியாமல் வந்தது. நடுவே சக்கரமே இல்லை. எங்கோ பின்னால் தனியாக ஒரு சக்கரக் கூட்டம் அதைத் தாங்கிக்கொண்டு வந்தது. அதற்கும் பின்னால் வால் அந்தரத்தில் நீண்டு, நுனியில் ஒரு சிவப்புத் துணி ஆடியது. லாரியின் மூக்கு விளக்கடியில் நின்றபோது அந்தச் சிவப்புத் துணி வெகுதூரம் பின்னால் நின்ற சாலையோரப் புளியமரத்துக்கும் அந்தப்பக்கம் இருந்தது.

ஒட்டுப் போட்ட இடம் ஒன்றுகூட இல்லை. ஆணி இல்லை, மடிப்பு இல்லை. பாஞ்சாலி ஈரக் கையைப் புடவையில் துடைக்கவும் மறந்து சாலையைக் கடந்தாள். தொட்டுப் பார்த்தாள். ஏரிக்காற்று பட்டு அது உள்ளுக்குள் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"எம்மாடியோவ்! இன்னா இது?"

லாரியிலிருந்து இறங்கிய டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். நரைத்த மீசை, கழுத்தில் சின்னச் சிலுவை. சாமுவேல். "காத்தாடி றெக்கைக்கா. கரண்டு எடுக்குத காத்தாடி இருக்குல்லா, அதுல மாட்டுதது. எங்க ஊர்ப் பக்கம் போகுது."

"ஒரு காத்தாடியா இது?"

"ஒரு காத்தாடி இல்லக்கா. ஒரு றெக்கை. ஒரு காத்தாடிக்கு இது மாதிரி மூணு."

பாஞ்சாலி வானத்தைப் பார்த்தாள். இப்படி மூன்று அங்கே சுற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைப்பு பாதி தூரம்கூடப் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கிளைச்சாலையிலிருந்து ஜீப் திரும்பி வந்தது. ஜான்சன் முகத்தில் ரத்தம் இல்லை. "அண்ணாச்சி, இந்த ரோடு இல்ல. உள்ள ஒரு குட்டி மதகுப் பாலம். ஆட்டோதான் போகும். அதுக்கு அங்கிட்டு வீடு."

"விலக்குன்னு சொன்னியே?"

"இந்த அக்காதான் விலக்குன்னாக."

"வெளக்குதானே கேட்ட?" என்று பாஞ்சாலி கம்பத்தைக் காட்டினாள். "தோ கீதே வெளக்கு!"

சாமுவேல் விளக்கைப் பார்த்தார். பாஞ்சாலியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, எங்க ஊர்ல விலக்குன்னா எரியுத விளக்கு இல்ல. மெயின் ரோட்டுலருந்து இன்னொரு ரோடு விலகிப் போகுத இடம். அதுதான் விலக்கு."

"ரோடு பிரியுற எடமா? அது கூட்ரோடாச்சே! கூட்ரோடு எங்கன்னு வாயத் தொறந்து கேட்டா இன்னாவாம்?" என்று அவள் சத்தம் போட்டாள். சத்தம் போடும்போதே அவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. மதுராந்தகம் கூட்ரோடு இரண்டு கிலோமீட்டர் பின்னால் இருந்தது. பெயர்ப்பலகை உண்டு, விளக்குதான் கிடையாது. இவர்கள் அதைத் தாண்டி வந்துவிட்டார்கள்.

"ஒரு வண்டியக்கூட தப்பா அனுப்புனதில்லியாம்" என்று முனியன் ஆரம்பித்தான். "அனுப்பினா இந்த சைசுலதான் அனுப்புவாங்க போல."

"வாய மூடுடா, பேமானி!"

அதற்குள் இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. பஸ்ஸிலிருந்து ஜனம் இறங்கி வந்து, திட்டுவதற்கென்று வாயைத் திறந்து, திறந்த வாயோடு நின்றது. ஏட்டம்மா வளர்மதி புல்லட்டில் வந்து இறங்கினாள். சட்டம் என்றால் அவளுக்குச் சாமி. சொந்தத் தம்பிக்கே ஹெல்மெட் இல்லையென்று ரசீது கிழித்தவள். அவளும் றெக்கையைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை நடந்து பார்த்தாள். நடந்து முடித்து வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"இப்படியே பின்னாடி எடுத்துடட்டுமாம்மா? ரெண்டு கிலோமீட்டர்தான்" என்று சாமுவேல் கேட்டார்.

"மெயின் ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர் ரிவர்ஸா? பின்னாடி வர்றவன் கதி? விடமாட்டேன்."

"முன்னால போய்த் திருப்பட்டுமா?"

"முன்னால வளைவு. அப்புறம் பாலம். அப்புறம் கடைத்தெரு. வளைவுல, பாலத்துல, ஜனம் நடமாடுற எடத்துல திருப்பக்கூடாது. வர்றவனுக்கு நீங்க தெரியணும், உங்களுக்கு வர்றவன் தெரியணும், யாருக்கும் எடஞ்சல் கூடாது. அந்த மாதிரி எடம் இந்தப் பக்கத்துல இது ஒண்ணுதான்." சொல்லிக்கொண்டே அவள் கண் மெதுவாகச் சாலையின் மறுபுறம் போனது. டீக்கடையின் மேல் நின்றது.

சாமுவேல் ஏற்கெனவே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். லாரியின் மூக்கு இடது பக்கக் கிளைச்சாலைக்குள் நுழைய வேண்டும். மூக்கு உள்ளே போகப் போக வால் வலது பக்கம் வீசும். அது வீசுகிற வழியில் பாஞ்சாலியின் கடை இருந்தது. வீசி முடித்த பிறகு பின்னால் எடுத்தால் வந்த வழி பார்த்து நிற்கலாம்.

"பாஞ்சாலி, ஷெட்டப் பிரிச்சிடு" என்றாள் வளர்மதி. "நாலு பேர் பிடிச்சா அரை மணி நேரம். வண்டி போனதும் மறுபடி நட்டுக்கோ."

மறுபடி நட்டுக்கொள்வதாம்! சாலையோரப் புறம்போக்கில் நிற்கிற கடை, நிற்கிறவரைதான் கடை. கூட்ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த கோவிந்தம்மாள், மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட இடம் வேண்டுமென்று தன் கூரையைத் தானே பிரித்தாள். கல்யாணம் முடிந்து கம்பு நடப் போனால், புதிதாகக் கடை போடக் கூடாது என்று ரோட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். அவள் இன்றைக்கும் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். பாஞ்சாலியும் ஒரு காலத்தில் வெயிலில் களை பறித்தவள்தான். இந்தத் தகரத்தின் கீழே வந்த பிறகுதான் அவள் நிழலில் நின்று நான்கு பேரை அதட்டுகிற மனுஷி ஆனாள்.

"பிரிச்சா போச்சு ஏட்டம்மா. உனக்குத் தெரியாதா?" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

வளர்மதிக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் ஜான்சன் போனில் யாருக்கோ, "இல்ல சார், எம்மேலதான் சார் தப்பு, நாந்தான் சரியா பாக்கல" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். பாஞ்சாலி காதில் அது விழுந்தது. அவள் விறுவிறுவென்று போய் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"ஐயா, நான் டீக்கடை பாஞ்சாலி பேசுறேன். தப்பு இந்தப் புள்ளது இல்ல. வழி சொன்னது நான். அது ஒண்ணு கேட்டுச்சு, நான் ஒண்ணு சொல்லிட்டேன். இன்னா திட்டணுமோ என்னைத் திட்டு."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். தப்பாக வழி சொன்னேன் என்று ஜனத்துக்கு முன்னால் ஒத்துக்கொண்டது அவளுக்கே தாங்கவில்லை. முனியன்கூடக் கிண்டல் பண்ணவில்லை.

சாமுவேல் லாரியிலிருந்து ஒரு நீளக் கம்பை எடுத்தார். வாலின் நுனிக்குக் கீழே நிறுத்தி உயரத்துக்கு ஒரு கோடு கிழித்தார். அந்தக் கம்பைக் கொண்டுவந்து கடையோரமாக நிறுத்தினார். மேலே கம்பிச் சட்டத்தில் நின்ற 'பாஞ்சாலி டீ ஸ்டால்' பலகை கோட்டைத் தாண்டியிருந்தது. தகரக் கூரை கோட்டுக்குக் கீழே இருந்தது.

"பலகைய மட்டும் இறக்குங்க. கூரைக்கு மேல ஒரு சாண் இடம் இருக்கு. போயிரும்."

"ஒரு சாணா!" என்றாள் வளர்மதி. "உரசினா?"

"உரசினா கடையும் போகும், றெக்கையும் போகும். இதுல ஒரு கீறல் விழுந்தாலும் மேல ஏத்த மாட்டாங்க." சாமுவேல் பாஞ்சாலியைப் பார்த்தார். "உங்க கூரை மாதிரிதான்க்கா எனக்கு இதுவும். ஆனா நீங்க பிரிக்கணும்னு சொன்னா நானே கூடநின்னு பிரிச்சுத் தாரேன்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் போய்ப் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, பலகையின் கட்டுக்கம்பியை முறுக்கி அவிழ்க்க ஆரம்பித்தாள். பலகை கீழே வந்தது.

ஜான்சன் கழுத்தில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு பின்சக்கரங்களிடம் போனான். முன்சக்கரம் சாமுவேல் சொன்னபடி கேட்கும். பின்சக்கரங்கள் ஜான்சனின் பெட்டியில் இருக்கிற குச்சிக்குத் தனியாகத் திரும்பும். ஆனால் வால் நுனி கடைக்கு மேல் வரும்போது இரண்டு பேருக்குமே தெரியாது. கடையோரம் ஒருவர் நின்று பார்த்தாக வேண்டும்.

"நீங்களே நில்லுங்கக்கா" என்றார் சாமுவேல், ஒரு வாக்கி-டாக்கியை அவள் கையில் கொடுத்து. "படப்போகுதுன்னா 'நில்லு'ன்னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைதான். அந்தாண்ட இந்தாண்டன்னு வேற எதுவும் சொல்லிராதீங்க, எனக்கு வெளங்காது."

அவள் தலையாட்டினாள். இன்னொரு வார்த்தை தப்பானால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வளர்மதி இரண்டு பக்கமும் வண்டிகளைத் தூரமாக நிறுத்தினாள். எல்லா இஞ்சினையும் அணைக்கச் சொன்னாள். ஜனத்தைப் புளியமரத்துக்கு அப்பால் தள்ளினாள். சாலையில் அத்தனை பேர் இருந்தும் ஏரியில் கொக்கு கத்துவது கேட்டது.

லாரி உறுமியது. மூக்கு கிளைச்சாலைக்குள் நுழைந்தது. றெக்கையின் அடிப்பாகம் இடது பக்கம் போகப் போக, இந்தப் பக்கத்தில் வால் அசைய ஆரம்பித்தது. அவசரமே இல்லை. வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு வெள்ளை விளிம்பு சாலைக்குக் குறுக்கே நகர்ந்து வந்தது. முதலில் அதன் நிழல் வந்தது. நிழல் பெஞ்சின் மேல் ஏறியது, பாய்லர் மேல் ஏறியது, பிஸ்கட் பாட்டில்களின் மேல் ஏறியது. கடைக்குள்ளே இருட்டியது.

பாஞ்சாலி கூரையின் விளிம்பைப் பார்த்தாள். ஒரு சாண் இருந்தது. ஜான்சன் பின்சக்கரங்களைத் திருப்ப, அவை சாலையோரச் சரிவில் இறங்கின. வால் தாழ்ந்தது. ஒரு சாண் நான்கு விரல் ஆனது. அவள் வாக்கி-டாக்கியை வாய்க்குக் கொண்டுபோனாள். சொல்லிவிடலாம். சொன்னால் நின்றுவிடும். நின்றால், இப்படிக் குறுக்கே கிடக்கிற இது மறுபடி அசையும்போது எங்கே இறங்கும்? படப்போகிறது என்றால்தானே சொல்லச் சொன்னார்? படப்போகிறதா? அவள் கண்ணை இமைக்கவில்லை. நான்கு விரல். நான்கு விரல். கூரை ஓரத்தில் மழைக்காக அவள் வைத்திருந்த செங்கல்லுக்கும் அந்த வெள்ளை வயிற்றுக்கும் நடுவே வெளிச்சம் ஒரு நூலாகத் தெரிந்தது. அந்த நூல் அறவில்லை. செங்கல் அசையவில்லை. இத்தனை பெரியது, காற்றையே பிடித்து ஆட்டப் போகிறது, அவளுடைய ஓட்டைத் தகரத்தை எழுப்பாமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சாமி ஊர்வலம் வரும்போதுகூட அவளுக்கு இப்படி ஆனதில்லை. தன்னையறியாமல் ஒரு கை எழுந்து நெஞ்சோடு சேர்ந்தது.

சிவப்புத் துணி கடைசியாக வந்தது. கூரையை லேசாகத் தடவிவிட்டுப் போனது. அப்புறம் வெயில் அடித்தது.

பாஞ்சாலி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், வாக்கி-டாக்கி பொத்தானை அமுக்கியபடியே இருந்ததால் இரண்டும் சாமுவேலுக்குக் கேட்டது. அவள் பொத்தானை விட்டதும், "போயிட்டுதாக்கா?" என்றார் அவர்.

"போயிட்சி" என்றாள். "போயிட்சி நைனா."

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பஸ் ஜனம் முழுக்கத் தட்டியது. வளர்மதி மட்டும் தட்டவில்லை. நேராக நின்று, தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். சல்யூட் அடித்தாள் என்று முனியன் இன்றும் சத்தியம் பண்ணுவான்.

பின்னால் எடுத்து, முன்னால் விட்டு, மறுபடி பின்னால் எடுத்து, கடைசியில் லாரி வந்த வழியைப் பார்த்து நின்றது. சாமுவேல் ஜன்னலில் தலையை நீட்டினார். மீசைக்குள் சிரிப்பு.

"சரிக்கா, இப்ப சொல்லுங்க. விலக்கு எங்க?"

பாஞ்சாலி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பழக்கத்தில் கை எடுத்திருந்த வடிகட்டியைக் கீழே வைத்தாள்.

"வாயால சொல்லமாட்டேன். நானே வந்து காட்டுறேன். முனியா, கடையப் பாத்துக்கோ. பாலப் பொங்க வுட்ட, தொலைச்சிடுவேன்!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூன்று படி ஏறி, லாரிக்குள் உட்கார்ந்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து அவள் சாலையைப் பார்த்ததே இல்லை. தீப்பெட்டி மாதிரி இருந்த தன் கடையைப் பார்த்தாள். இரண்டு கிலோமீட்டரும் பேசவில்லை. பாஞ்சாலி இரண்டு கிலோமீட்டர் பேசாமல் இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கூட்ரோட்டில் இறங்கினாள். "இந்தா நைனா. இதான் உன் விலக்கு."

"இங்கன ஒரு விளக்குகூட இல்லியேக்கா" என்றார் சாமுவேல்.

"போட்டுருவாங்க. உன் றெக்கை சுத்த ஆரம்பிக்கட்டும்."

றெக்கை அகலமான அந்தத் திருப்பத்தில் சுலபமாகத் திரும்பியது. வயல்களுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்து, வெகுநேரம் தெரிந்து, மறைந்தது.

சாயங்காலம் ஹைமாஸ் விளக்கு எரிந்தது. பாஞ்சாலி வடிகட்டியும் கையுமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையை முனியன் திரும்பக் கட்டியிருந்தான், கோணலாக. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் கடை முன்னால் நிறுத்தினான்.

"அக்கா, புள்ளலூருக்கு எப்படிப் போகணும்?"

வடிகட்டி தானாக மேலே எழுந்தது. பாதியில் நின்றது.

"இரு நைனா" என்றாள் பாஞ்சாலி. "மொதல்ல நீ எந்த ஊருன்னு சொல்லு."